கீழாநெல்லியும் கொதித்த நீரும்

மட்டாஞ்சேரியின் கடைத்தெருவுக்குள் நுழைபவரை முதலில் எதிர்கொள்வது மணமே. சுக்கு, மிளகு, மஞ்சள், ஏலம், கிராம்பு ஆகியவற்றை மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்த பண்டகசாலைகள் அங்கே பல தலைமுறைகளாக உள்ளன. அவ்வூரில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பாட்டிமார்க்கு அத்தெரு மளிகைக் கடையும் ஆகும்; மருந்துக் கடையும் ஆகும். வீட்டில் யாரேனும் இருமினால் சுக்கும் மிளகும் திப்பிலியும் இடித்துக் கருப்பட்டி சேர்த்துக் காய்ச்சுவர். இம்மூன்றும் சேர்ந்ததற்குத் திரிகடுகம் என்று பெயர். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்று இம்மருந்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டுள்ளது.

சூடான கசாயம் தொண்டைக்கு இதம் தரும். காய்ச்சலில் உடலுக்கு வேண்டிய நீரும் அதனுடன் உள்ளே செல்லும். சாதாரணச் சளியைக் குணப்படுத்தும் மருந்து இன்றைய மருத்துவத்திலும் இல்லை. சில நாள்களில் அது தானே நீங்கும். ஆகவே சளி பிடித்த பேரன் பாட்டி தரும் கசாயத்தை மறுக்க வேண்டியதில்லை, அது சற்றுக் காரமாக இருக்கிறது என்பதைத் தவிர. ஆனால் எல்லா நோயும் சளியன்று.

மழைக்காலத்தில் ஒரு சிறுவனுக்குக் கண் மஞ்சளாகிறது எனக் கொள்க. சிறுநீரும் மஞ்சளாக வருகிறது. சோற்றைக் கண்டால் குமட்டுகிறது. மஞ்சட்காமாலை என்று வீட்டார் உடனே அறிந்துகொள்வர். வேலியோரத்திலோ தென்னந்தோப்பிலோ கீழாநெல்லியைத் தேடுவர். சாண் உயரமே வளரும் சிறு செடி அது. காய்கள் இலைக் காம்பின் கீழ்ப்புறம் வரிசையாகத் தொங்குவதால் அப்பெயர் பெற்றது. மலையாளிகள் கீழார்நெல்லி என்பர். அதை வேரோடு அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பர். எண்ணெயும் காரமும் நிறுத்தப்படும். சில வாரங்களில் கண் வெளுக்கும். சிறுவன் பள்ளிக்குத் திரும்புவான். கீழாநெல்லி உயிர் காத்தது என்று அக்குடும்பம் காலமெல்லாம் சொல்லும்.

அந்தச் சொல் முழுதும் உண்மையா என்பதைச் சற்று ஆராய வேண்டும். குடிநீர் வழியாகப் பரவும் மஞ்சட்காமாலையை உண்டாக்குவது பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ என்னும் வைரஸ். அது கல்லீரலைத் தாக்குகிறது. ஆயினும் சிறுவர்களுள் மிகப் பெரும்பாலோர் எந்த மருந்தும் இன்றியே, ஓய்வினாலும் நல்லுணவினாலும் சில வாரங்களில் நலம் பெறுவர். மருந்து தரப்படும் வாரங்களும் நோய் தானே தணியும் வாரங்களும் ஒன்றாக அமைகின்றன. சேவல் கூவியதும் பொழுது விடிகிறது. அதற்காகப் பொழுதைச் சேவல் விடிவித்தது என்று யாரும் சொல்வதில்லை. கீழாநெல்லியின் செய்தியில் மட்டும் அப்படிச் சொல்லிவிடுகின்றனர்.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். கேடு உண்டு. கண் மஞ்சளாவதற்குக் காரணம் ஒன்றல்ல. கேரளத்தில் எலிப்பனி என்றும் தமிழகத்தில் எலிக்காய்ச்சல் என்றும் கூறப்படும் நோயிலும் கண் மஞ்சளாகும். எலியின் சிறுநீர் கலந்த நீர், காலில் உள்ள சிறு கீறல் வழியே உடலுக்குள் கிருமியைக் கொண்டு சேர்க்கிறது. வேலியேற்றக் காலத்தில் மேற்குக் கொச்சியின் தாழ்ந்த தெருக்களில் உப்புநீர் ஏறி நிற்பதும், மழைநாளில் பிள்ளைகள் தேங்கிய நீரில் வெறுங்காலோடு நடப்பதும் அனைவரும் அறிந்தவை. எலிக்காய்ச்சலைத் தொடக்கத்தில் கண்டுபிடித்தால் எளிய மருந்துகளால் குணப்படுத்தலாம். நாள் கடந்தால் சிறுநீரகமும் நுரையீரலும் பழுதாகி உயிரே போகலாம். ஹெபடைடிஸ் பி என்பது வேறொன்று. அது நீரால் பரவுவதன்று. இரத்தத்தின் வழியே பரவி, ஆண்டுக்கணக்கில் உடலில் மறைந்திருந்து கல்லீரலைக் கெடுப்பது. பித்தப்பைக் கல்லாலும் காமாலை வரும். இவற்றைக் கண்ணின் நிறத்தைக் கொண்டு பிரித்தறிய எந்தப் பாட்டியாலும் இயலாது, எந்த மருத்துவராலும் இயலாது. இரத்தப் பரிசோதனையே பிரித்துக் காட்டும். ஆகவே கண் மஞ்சளானால் கீழாநெல்லியைத் தேடுவதற்கு முன் மருத்துவமனைக்குச் செல்வதே முறை. நோயாளி ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, பகலிலும் தூங்கி வழிந்தாலோ, பேச்சில் தடுமாறினாலோ ஒரு வேளையும் தாமதித்தல் கூடாது.

இவ்வாறு கூறுவதைக் கேட்டுக் கீழாநெல்லியை இகழத் தொடங்குவோரும் உளர். அதுவும் சரியன்று. ஒரு செடியை மதிப்பதற்குச் சிறந்த வழி அதைச் சோதித்துப் பார்ப்பது. சென்னையில் அது நடந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்தமைக்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க் என்னும் அமெரிக்க அறிஞரும், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜனும் அவருடைய குழுவினரும் கீழாநெல்லியை ஆராய்ந்தனர். அவ்வைரஸை உடலில் தாங்கியவர்களுள் சிலருக்குக் கீழாநெல்லிப் பொடியும், வேறு சிலருக்கு அதைப் போலவே தோன்றும் வெறும் பொடியும் 30 நாள் கொடுத்தனர். பின்னர் இரத்தத்தைச் சோதித்தபோது, கீழாநெல்லி உண்ட 37 பேருள் 22 பேரிடம் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் பொடி உண்ட 23 பேருள் ஒருவரிடமே அவ்வாறு மறைந்திருந்தது. 1988-இல் லண்டனிலிருந்து வெளிவரும் லான்செட் இதழில் இம்முடிவு அச்சானபோது உலகமே தமிழகத்துக் களைச்செடியைத் திரும்பிப் பார்த்தது.

அதன் பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் ஆய்வாளர் அதே சோதனையைச் செய்து பார்த்தனர். சென்னையில் கண்ட பயன் அங்கே கிடைக்கவில்லை. காரணம் பலவாகக் கூறப்பட்டன. செடியின் இனம் வேறாக இருக்கலாம். கீழாநெல்லியைப் போன்ற உருவமுடைய செடிகள் பல உண்டு. விளைந்த மண்ணும் பறித்த பருவமும் மாறுபட்டிருக்கலாம். எவ்வாறாயினும் ஓரிடத்தில் ஒருமுறை கிடைத்த பயன் பிற இடங்களிலும் கிடைத்தால்தான் அது மருந்து என்னும் பெயரைப் பெறும். கீழாநெல்லி அப்பெயரை இன்னும் முழுதாகப் பெறவில்லை. இதைச் சொல்வதால் தமிழ் மருத்துவத்துக்கு இழுக்கு வந்துவிடாது. கீழாநெல்லியைச் சோதனைக்கு உட்படுத்தியவர்களும் தமிழரே அன்றோ?

செடியைப் பற்றி வாதிட்டு ஆராய்வது கொச்சிக்கும் புதிதன்று. 17-ஆம் நூற்றாண்டில் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு மலபாரின் டச்சு நிருவாகத்தை நடத்திய ஹென்றிக் வான் ரீடு, இந்நாட்டுச் செடிகளைப் பற்றி ஒரு பெருநூல் தொகுத்தார். ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்னும் அந்த இலத்தீன் நூல் ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக அச்சாயிற்று. அதில் 700-க்கும் மேற்பட்ட செடிகள் படங்களோடு விளக்கப்பட்டுள்ளன. கீழாநெல்லியும் கிர்கனெலி என்னும் பெயரோடு அதில் இருக்கிறது. அறிவைக் கொடுத்தவர் ரீடு அல்லர். சேர்த்தலைக்கு அருகில் வாழ்ந்த இட்டி அச்சுதன் என்னும் வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அறிஞர் மூவரும் கொடுத்தனர். செடிகளைக் கொண்டுவந்து பரப்பி, இது இன்னது, இதன் குணம் இன்னது என்று அறிஞர் அவையில் பேசி முடிவு செய்தனர். ஒரு செடியின் பெயரைப் பல எழுத்துகளில் அந்நூல் தருகிறது. பெயர் பிறழ்ந்தால் மருந்தும் பிறழும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

மட்டாஞ்சேரியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இச்செய்தி இன்னும் அணுக்கமானது. வீட்டில் ஆடாதொடை என்று கேட்ட செடியை அடுத்த வீட்டார் ஆடலோடகம் என்பர். கற்பூரவல்லியைப் பனிக்கூர்க்க என்பர். இரு பெயரையும் அறிந்த பிள்ளை அச்செடியை எங்கும் பிழையின்றி அடையாளம் காணும். ஒரு பெயரும் அறியாத பிள்ளைக்கு எல்லாம் வெறும் பச்சை இலைகளே.

காமாலையில் பாராட்டு இலைக்குத் தவறாகப் போய்ச் சேர்ந்தது என்றால், அதே கொச்சியில் பழி தவறாகப் போய்ச் சேர்ந்த கதையும் ஒன்று உண்டு. யானைக்கால் நோய் ஒருகாலத்தில் இங்கே மிகுந்திருந்தது. ஐரோப்பியர் அதற்குக் கொச்சிக்கால் என்றே பெயரிட்டனர். ஊர்க் கிணறுகளின் உவர்நீரே அந்நோயைத் தருகிறது என்று மக்கள் நம்பினர். வசதி படைத்தோர் ஆலுவாய்ப் பக்கமிருந்து பெரியாற்று நீரைப் படகுகளில் வரவழைத்துக் குடித்தனர். ஆயினும் கொச்சிக்கால் ஊரைவிட்டு நீங்கவில்லை. 1877-இல் சீனத்தின் அமோய்த் துறைமுகத்தில் பணிபுரிந்த பேட்ரிக் மேன்சன் என்னும் மருத்துவர், அந்நோய்க்குக் காரணமான நுண்புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டார். கொசு கடிக்கும்போதுதான் புழு மனித உடலுக்குள் செல்கிறது என்பது 1900-இல் தெளிவாயிற்று. மக்கள் பழித்த கிணற்றுநீர் அந்தக் குற்றத்தைச் செய்யவில்லை. ஒருவரும் ஐயுறாத சாக்கடையில் பிறந்த கொசு செய்தது. பெரியாற்று நீர் பிற நோய்கள் சிலவற்றைத் தடுத்திருக்கலாம். யானைக்காலைத் தடுக்க ஒரு கொசுவலை அதனினும் மேலானதாக இருந்திருக்கும்.

கிணற்றுநீர் யானைக்காலைத் தரவில்லை என்பதால் எல்லா நீரும் தூயது என்று கொள்ளுதல் ஆகாது. காமாலையின் செய்தியில் நீரே முதற் குற்றவாளி. 2024-இல் எர்ணாகுளம் மாவட்டத்தின் வேங்கூர் ஊராட்சியில் 200-க்கும் மேற்பட்டோர் ஹெபடைடிஸ் ஏ நோய்க்கு ஆளாயினர். குழாய் வழியே வந்த குடிநீரே அதற்குக் காரணமாயிற்று. உயிரிழப்பும் நேர்ந்தது. மட்டாஞ்சேரியிலிருந்து வேங்கூர் வெகுதொலைவன்று. இரண்டும் ஒரே மாவட்டம்.

அவ்வைரஸை அழிக்கக் கீழாநெல்லி வேண்டியதில்லை. நீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். கேரளத்து வீடுகளிலும் உணவகங்களிலும் நீரைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. சீரகமோ சுக்கோ பதிமுகக் கட்டையோ இட்டுக் காய்ச்சுவர். பதிமுகம் இட்ட நீர் இளஞ்சிவப்பாக இருக்கும். தமிழகத்திலிருந்து முதன்முறை வருவோர் அதைக் கண்டு சற்றுத் திகைப்பதும் உண்டு. அந்நீரின் உண்மையான மருந்து பதிமுகம் அன்று, அடுப்பு. நிறம் ஏற நீர் சூடானால் போதும். கிருமி அழிய அது கொதிக்க வேண்டும். சிவந்த நீர் எல்லாம் கொதித்த நீர் ஆகாது. மற்றொரு தவறும் பரவலாக நடக்கிறது. கொதித்த நீர் சுடுகிறது என்று அதில் பாதிக்குப் பாதி பச்சைத்தண்ணீரைக் கலப்பர். கலந்த அந்நொடியே காய்ச்சியதன் பயன் முழுதும் போயிற்று. கேரளச் சுகாதாரத் துறை இதைக் குறித்து மீண்டும் மீண்டும் எச்சரித்துள்ளது. மழையில் நனைந்து வந்த பிள்ளை தாகத்தோடு கேட்கும்போது ஆறும் வரை காத்திருக்கச் சொல்வது எளிதன்றுதான். இரவே காய்ச்சி மூடி வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

கழிப்பறை சென்று வந்தபின்னும் உண்ணும் முன்னும் சோப்பால் கைகழுவுதல் இதற்குத் துணை நிற்கும். ஹெபடைடிஸ் ஏ, பி இரண்டுக்கும் தடுப்பூசிகள் உண்டு. பி தடுப்பூசி அரசு குழந்தைகளுக்கு இலவசமாகவே இடும் ஊசிகளுள் ஒன்று.

இவற்றுள் எதற்கும் ஊரில் புகழ் இல்லை என்பது வியப்பானது. கீழாநெல்லி கொடுத்த பாட்டியைப் பேரன் வாழ்நாள் முழுதும் நினைவுகூர்கிறான். அவனுக்குப் பத்து ஆண்டுகள் காமாலையே வராமல் நாள்தோறும் நீரைக் காய்ச்சிக் கொடுத்த தாயை அதற்காக எவரும் பாராட்டுவதில்லை. வந்த நோய் போனால் கதையாகிறது. வராத நோய்க்குக் கதை ஏது?

உடலுழைப்பின் நிலையும் அத்தகையதே. மட்டாஞ்சேரியை அடுத்த கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியில் தோபிக்கானா என்னும் சலவைத்துறை உள்ளது. அங்கே தொழில் புரிவோர் தமிழ் பேசும் வண்ணார் சமூகத்தினர். டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தம் முன்னோர் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டனர் என்று அவர்கள் கூறுவர். இன்றைய துறையை விசால கொச்சி வளர்ச்சி ஆணையம் 1976-இல் அமைத்தது. கல்தொட்டிகளில் நின்று துவைப்பதும், அலசுவதும், பிழிவதும், கஞ்சி போடுவதும் அங்கே அன்றாடக் காட்சி. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடையே துணி முனையைச் செருகி உலர்த்துவர். கவ்வி எதுவும் தேவைப்படுவதில்லை. முதியோர் பலரும் அங்கே நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்து கையை வீசி உழைப்பதைக் காணலாம்.

அதைக் கண்டு, உழைப்பே அவர்களுக்கு உடற்பயிற்சி என்று புகழ்ந்துவிட்டு நகர்வது எளிது. அப்படிச் சொல்வோர் ஒருநாளாவது அத்தொட்டியில் நின்று பார்க்க வேண்டும். நீரில் நெடுநேரம் நிற்பதால் பாதம் வெடிக்கும், இடுப்பு வலிக்கும், காரம் கலந்த நீர் தோலைத் தின்னும். உடலை வருத்தும் உழைப்பு வேறு, உடலை வளர்க்கும் அசைவு வேறு. ஆயினும் அந்த முதியோரின் பேரப்பிள்ளைகள் பள்ளியிலும், பேருந்திலும், வீட்டில் கைப்பேசியின் முன்னும் அமர்ந்தே நாளைக் கழிக்கின்றனர் என்பதும் உண்மை. பிள்ளைகள் அத்தொழிலின் வருத்தத்திலிருந்து விடுபட வேண்டும் என்பதே பெற்றோரின் விருப்பம், அது நியாயமானது. வருத்தத்தோடு அசைவையும் சேர்த்துத் துறந்துவிட்டதுதான் பிழை.

அசைவின் பயனைக் காட்டிய பழைய ஆய்வொன்று லண்டன் மாநகரத்துப் பேருந்துகளில் நடந்தது. அங்கே பேருந்துகள் இரண்டு அடுக்கு உடையவை. ஓட்டுநர் நாள் முழுதும் இருக்கையில் அமர்ந்திருப்பார். நடத்துநர் பயணச்சீட்டு வழங்குவதற்காக மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஜெர்ரி மோரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் இவ்விரு சாராரையும் ஒப்பிட்டு 1953-இல் முடிவை வெளியிட்டார். ஒரே பேருந்து, ஒரே ஊர். எனினும் நடத்துநரினும் ஓட்டுநர்க்கே மாரடைப்பு மிகுதியாக வந்தது. நடத்துநர் எவரும் மருந்தென்று எண்ணிப் படி ஏறியவர் அல்லர். பிற்காலத்தில் பல நாட்டு ஆய்வுகளும் அசைவின் பயனை உறுதி செய்தன. 5 முதல் 17 வயது வரை உள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நீரிழிவு மிகுந்த இந்திய மாநிலங்களுள் கேரளமும் ஒன்றாக இருக்கும் இந்நாளில் அந்த ஒரு மணி நேரம் வேறெந்த லேகியத்தினும் மலிவானது.

கோட்டைக் கொச்சியில் பரேடு மைதானம் இருக்கிறது. வெளியிலும் மைதானம் உண்டு. கடற்கரை நடைபாதை உண்டு. மட்டாஞ்சேரியின் தெருக்களோ வண்டி விரைந்து செல்ல இடம் தராத அளவுக்குக் குறுகியவை. நடப்பவர்க்கே அவை ஏற்றவை. பள்ளி அரை மைல் தொலைவில் இருக்கும்போதும் ஆட்டோவை அழைக்கும் பெற்றோரைப் பார்த்தால், நடை என்பது வறியவரின் அடையாளம் என்ற எண்ணமே காரணமோ என்று ஐயுறத் தோன்றுகிறது. அரபிக்கடலின் மழை காரணம் என்றால் அதற்குக் குடை இருக்கிறது. தேங்கிய நீருக்கு மூடிய காலணி இருக்கிறது.

மழை ஓய்ந்த மாலையில் தோபிக்கானாவின் கயிறுகளில் வெள்ளைத் துணிகள் ஏறுகின்றன. அருகிலுள்ள மைதானத்தில் பிள்ளைகள் பந்தை உதைக்கின்றனர். வீடுகளில் அடுப்பின் மேல் சுக்கு இட்ட நீர் கொதிக்கத் தொடங்கியிருக்கும். ஆட்டம் முடிந்து வருவோர் கைகழுவி அமர்வதற்குள் அது ஆறிவிடும், பச்சைத்தண்ணீர் கலக்கும் அவசரம் யாருக்கும் இல்லாவிட்டால்.